வராதவரை யார் விசாரிப்பது?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்களைப் பின்பற்றி வாழும் நம் அனைவர் மீதும் நின்று நிலவட்டுமாக! ஆமீன்.



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்கு விருந்தினர் வரத்தும் தொடங்கிவிடும். கடந்த சீசனில் வெளியூர் உறவினர் ஒருவரை அழைத்துக்கொண்டு, அஸர் தொழுகைக்குப் பிறகு ஐந்தருவிக்குச் சென்றிருந்தேன். திரும்பும் வழியில் ஒரு சிப்ஸ் கடையில் நின்றோம். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றிருந்த வாலிபர் பொட்டலத்தைக் கட்டித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "ஹஜ்ரத், என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டார்.

தெரிகிறது என்று தலையசைத்தேன். ஆனால் பெயர் நினைவுக்கு வரவில்லை. அதை அவரும் புரிந்துகொண்டார். நம் பள்ளிவாசல் மக்தபில் ஆறு ஆண்டுகள் ஓதியவர். அம்ம ஜுஸ்உவை என்னிடமே மனனம் செய்து ஒப்பித்தவர். தந்தை மவுத்தான பிறகு பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, கிடைத்த வேலைக்கெல்லாம் போய் வருகிறார். "ஏன் பள்ளிவாசல் பக்கமே காணவில்லை?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நான் வராமல் போய் இரண்டு வருடமாகிறது, ஹஜ்ரத். யாரும் கேட்கவில்லை" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இளைஞர்கள் கெட்டுவிட்டார்கள், தொழுகைக்கு வருவதில்லை, கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று மிம்பரில் நின்று எத்தனை ஜும்ஆக்களில் பேசியிருக்கிறேன்! அந்த உரைகளில் ஒன்றேனும் அந்த வாலிபரின் வீட்டு வாசலைத் தட்டியதா? இந்தக் கேள்வி எனக்கு மட்டும் உரியதன்று. நம் ஜமாஅத் ஒவ்வொன்றுக்கும் உரியது. எனவே இம்மாத ஜும்ஆ உரையின் பொருளாக இதையே எடுத்துக்கொண்டேன்.

பள்ளிவாசலைக் கூட்டிய பெண்மணி

மதீனாவில் பெருமானாரின் பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்து வந்த ஒரு கறுப்பினப் பெண்மணி இருந்தார். சில நாட்களாக அவரைக் காணவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டதாகத் தோழர்கள் தெரிவித்தனர். அப்படியானால் எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று அண்ணலார் கேட்டார்கள். தோழர்கள் அதைப் பெரிய செய்தியாகக் கருதவில்லை போலும். அவருடைய கப்ர் எங்கே என்று கேட்டு, அங்கே சென்று அப்பெண்மணிக்காகத் தொழுதார்கள். இச்செய்தி அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது.

சிந்தித்துப் பாருங்கள். ஒரு சமுதாயத்தின் தலைவர்; தூதுக்குழுக்களை வரவேற்பவர்; படைகளை அனுப்பி வைப்பவர். அவருடைய பார்வையில், துடைப்பம் பிடித்த ஒரு பெண்ணின் இடம் காலியாக இருப்பது பட்டிருக்கிறது. வந்தவர்களைக் கண்டு மகிழ்ந்ததோடு நிற்காமல், வராதவரையும் அவர்கள் கணக்கில் வைத்திருந்தார்கள். மஹல்லா என்பதன் உயிர்நாடி இதுவே.

நம் ஜமாஅத்துகளில் சந்தா நோட்டு இருக்கிறது. எந்த வீடு எத்தனை மாதம் பாக்கி என்பதை அதைப் பார்த்து உடனே சொல்லிவிடலாம். எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டான், எந்த வீட்டில் கைம்பெண் ஒருத்தி மருந்து வாங்க வழியின்றி இருக்கிறாள், எந்த வீட்டில் கணவனும் மனைவியும் ஆறு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை என்பதைச் சொல்ல நம்மிடம் எந்த நோட்டும் இல்லை. சந்தா பாக்கி என்றால் ஆள் அனுப்புகிறோம். ஆளே வராமல் போனால் அனுப்புவதில்லை.

வாலிபரை அருகில் அழைத்த நபி

இளைஞர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எவ்வாறு நடத்தினார்கள் என்பதற்கு இரு நிகழ்ச்சிகளைக் கூறுகிறேன்.

மாலிக் இப்னுல் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் ஏறக்குறைய ஒரே வயதுடைய சில வாலிபர்களும் மதீனாவுக்கு வந்து ஏறத்தாழ இருபது இரவுகள் தங்கினார்கள். அவர்கள் தம் குடும்பத்தாரை நினைத்து ஏங்குவதை அண்ணலார் தாமாகவே உணர்ந்துகொண்டார்கள். ஊரில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று கேட்டறிந்து, குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று அவர்களுடன் தங்கி, அவர்களுக்கும் கற்றுக் கொடுக்குமாறு கூறி அனுப்பி வைத்தார்கள். பிள்ளைகள் வாய் திறந்து சொல்லவில்லை; முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டார்கள். இதுவும் புகாரியில் உள்ள செய்திதான்.

மற்றொன்று, அபூஉமாமா (ரலி) அவர்கள் அறிவிப்பதாக முஸ்னது அஹ்மதில் இடம்பெற்றுள்ளது. ஒரு வாலிபர் வந்து, தமக்கு விபச்சாரத்திற்கு அனுமதி தருமாறு கேட்டார். சுற்றியிருந்தோர் அதட்டினார்கள். பெருமானாரோ அவரை அருகில் அழைத்து அமர்த்தினார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, மகளுக்கு விரும்புவாயா, சகோதரிக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். பிறகு அவர் மீது கரம் வைத்து துஆச் செய்தார்கள். அதன்பின் அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

இன்று கஞ்சாவுக்கோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கோ அடிமையாகிவிட்ட ஒரு பிள்ளை நம்மிடம் வந்து உண்மையைச் சொன்னால், நாம் அதட்டியவர்களின் வரிசையில் இருப்போமா, அருகில் அழைத்தவரின் வழியில் இருப்போமா? அதட்டிவிட்டால் அவன் அடுத்த முறை வரமாட்டான். அவனை வரவேற்க வேறு கூட்டங்கள் காத்திருக்கின்றன. அங்கே அவன் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அருகில் அழைப்பது முதற்படி. பொறுப்பை ஒப்படைப்பது அடுத்த படி. மக்கா வெற்றிக்குப் பிறகு அந்நகரின் ஆளுநராக நியமிக்கப்பட்ட அத்தாப் இப்னு அஸீத் (ரலி) அவர்களும், பெருமானாரின் இறுதி நாட்களில் படைத் தலைவராக்கப்பட்ட உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களும் இருபது வயதை ஒட்டியவர்களே. நம் நிர்வாகக் குழுக்களிலோ முப்பது வயதுக்குட்பட்டோரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ரமளானில் நோன்புக் கஞ்சி வாளி தூக்கவும், கந்தூரியில் பரிமாறவும் இளைஞர் வேண்டும். கணக்கு எழுதவும் கருத்துச் சொல்லவும் வேண்டாம் என்றால், அவர்கள் எவ்வாறு நம்மோடு நிற்பார்கள்?

கடல் கடந்து சென்ற மஹல்லா

"ஹஜ்ரத், அது நபியின் காலம். இப்போது நடக்கிற காரியமா?" என்று சிலர் கேட்கலாம். தொலைவில் போக வேண்டாம். நம் தென்காசிக்கு வடக்கே உள்ள கடையநல்லூரின் வரலாற்றையே பார்ப்போம்.

கடையநல்லூர் முஸ்லிம்களில் பெரும்பாலோர் அன்று நெசவாளர்கள். தறித் தொழில் நலிந்து வறுமை சூழ்ந்த காலத்தில், சென்ற நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் அவர்கள் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்கள். தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்து அங்கு சென்ற ஆண்கள் பெரும்பாலும் தனியாகவே சென்றனர். கடையநல்லூராரும் தென்காசியாரும் மனைவி மக்களோடு குடும்பமாகச் சென்றவர்கள் என்பதை ஆய்வாளர்கள் தனித்துக் குறிப்பிடுகிறார்கள். தஞ்சோங் பகார் பகுதியில் நெருக்கமாகக் குடியேறினார்கள். ஆண்கள் உடலுழைப்பு வேலைகளுக்குச் சென்றார்கள். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்துச் சந்தையில் விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள்.

அந்த ஏழைகள் 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் அமைப்பை உருவாக்கினார்கள். தென்காசியிலிருந்து சென்றோரும் தமக்கென ஒரு நலச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியின் கொடுமையும் பஞ்சமும் அந்நகரை வாட்டின. போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், கடையநல்லூர் முஸ்லிம் லீக் தம் பிள்ளைகளுக்காக ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்து 1982இல் அது மூடப்பட்டபோதும், அதன் பெயர் மறையவில்லை. 1983இல் தொடங்கப்பட்ட அந்நாட்டின் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதில் நமக்குள்ள படிப்பினை யாது? அவர்களிடம் செல்வம் இருக்கவில்லை. சொந்த மண்ணும் அதுவன்று. ஆனால் எந்தத் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளை எழுத்தறியாமல் திரிகிறான் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மஹல்லாவை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகாமல், கூடவே எடுத்துச் சென்றார்கள். நாமோ மஹல்லாவின் நடுவிலேயே இருக்கிறோம். அடுத்த வீட்டை அறியாமல் இருக்கிறோம்.

பிளவு வருமுன் இணைப்போம்

குடும்பங்களின் நிலையும் இதுவே. கணவன் மனைவிக்கிடையே பிளவு ஏற்படும் என அஞ்சினால், அவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவராக ஏற்படுத்துமாறு திருமறை (4:35) வழிகாட்டுகிறது. பிளவு ஏற்பட்ட பின் என்று கூறாமல், ஏற்படும் என அஞ்சும்போதே என்று கூறுவதைக் கவனியுங்கள். அஞ்ச வேண்டுமானால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நம்மிடமோ வழக்கு வரும்போது, பெரும்பாலும் பெண் தாய் வீட்டுக்கு வந்து ஓராண்டு கடந்திருக்கும். சீர்ப் பொருட்களின் பட்டியலும் கையோடு வந்திருக்கும்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஜமாஅத் என்பது நீதிமன்றமன்று. பள்ளிவாசல் வளாகங்களில் நீதிமன்றம் போல மன்றங்கள் செயல்படக் கூடாது என்று 2016 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. தீர்ப்பு வழங்கும் அதிகாரம் நமக்கில்லை. அதற்கு நாம் ஆசைப்படவும் வேண்டாம். நம்முடைய பணி இணைத்து வைப்பது. இரு தரப்பும் விரும்பினால் சமாதானம் பேசலாம். இயலாவிட்டால் அப்பெண்ணுக்குரிய சட்ட உரிமையைப் பெற உதவ வேண்டுமே தவிர, குறுக்கே நிற்கக் கூடாது.

மலேசியாவில் முஸ்லிம் மணமக்கள் நிக்காஹுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பை முடித்தாக வேண்டும். நாமும் நிக்காஹ் தஃப்தரில் கையெழுத்து வாங்குமுன், மணமகனோடும் மணமகளோடும் தனித்தனியே இரண்டு அமர்வுகளேனும் பேசலாமே! மஹர் என்பது மணமகன் கொடுப்பது. வரதட்சணையைச் சீர் என்று பெயர் மாற்றி வாங்குவதால் அதன் தன்மை மாறிவிடாது. இதை மணமேடையில் சொல்வதைவிட, தேதி குறிக்கும் முன்பே சொன்னால் பயனிருக்கும்.

அண்டை வீட்டார் யார்?

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் தொடர்ந்து வலியுறுத்தியதைக் கேட்டு, அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று தாம் எண்ணியதாக நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். இந்த நபிமொழியை அறிவித்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள், தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இதைக் காணலாம்.

தென்காசி மக்களாகிய நமக்கு இதன் பொருள் மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். 2007 ஆகஸ்டில் நம் நகரில் நடந்த மோதலில் ஆறு உயிர்கள் பறிபோயின. இரு பக்கத்திலும் தாய்மார்கள் அழுதார்கள். கடைகள் திறந்த பின்னும் உள்ளங்கள் திறக்க நெடுநாள் ஆயிற்று. அத்தகைய நாள் இனி ஒருபோதும் வரக்கூடாது என்றால், காவல்துறையின் காவல் மட்டும் போதாது. எதிர்த் தெருப் பெரியவரின் பெயர் நமக்கும், நம் பெரியவரின் பெயர் அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வதந்தி ஒன்று கிளம்பும் இரவில், ஒரு தொலைபேசி அழைப்பில் அதை அணைக்கும் உறவு முன்பே இருந்தாக வேண்டும்.

2023 டிசம்பரில் தென் மாவட்டங்களைப் பெருமழை புரட்டிப் போட்டதை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையெங்கும் வீடுகள் மூழ்கின. அப்போது தூத்துக்குடி மாவட்டம் செய்துங்கநல்லூரின் பைத்துல்மால் ஜமாஅத் பள்ளிவாசல் தன் கதவுகளைத் திறந்து, வீடிழந்த இந்துக் குடும்பங்களை நாட்கணக்கில் தங்க வைத்து உணவளித்தது. வெள்ளம் வந்த பிறகு கூட்டம் போட்டு முடிவெடுத்திருந்தால் அது நடந்திருக்காது. அண்டை வீட்டாரை அறிந்த ஊரில், கதவு திறப்பதற்குத் தீர்மானம் தேவைப்படுவதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

உரையைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டு எழுந்து போவதால் பயனில்லை. நம் மஹல்லாவில் இந்த மாதமே தொடங்கக்கூடிய சில பணிகளைக் கூறுகிறேன்.

முதலாவதாக, மஹல்லாவைத் தெருவாரியாகப் பிரித்து, முப்பது வீடுகளுக்கு ஒரு பெரியவரும் ஒரு வாலிபரும் பொறுப்பேற்க வேண்டும். பெண்களிடம் பேசப் பெண்களே செல்லட்டும். யார் படிக்கிறார், யார் படிப்பை நிறுத்தினார், யாருக்கு நோய், யாருக்கு வேலையில்லை என்பதை அறிந்துகொள்ளட்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதைத் திருமறை (49:12) தடுத்துள்ளது. நலம் விசாரிப்பது வேறு, துப்பறிவது வேறு. ஒரு வீட்டில் அறிந்த செய்தி அடுத்த வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டால், அது அமானித மோசடியாகும்.

இரண்டாவதாக, மக்தபுக்கு ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வரவில்லையென்றால், நான்காம் நாள் உஸ்தாதோ பொறுப்பாளரோ அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும். கண்டிப்பதற்கன்று, விசாரிப்பதற்கு.

மூன்றாவதாக, ஜகாத். செல்வந்தர்களிடமிருந்து பெற்று அவர்களிலுள்ள ஏழைகளுக்கே வழங்கப்படுவது என்றுதான் முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது பெருமானார் அதை விளக்கினார்கள். ரமளான் இரவுகளில் வாசல் வாசலாக வரிசையில் நிற்கும் ஏழைக்கு நூறும் இருநூறும் கொடுக்கிறோம். அடுத்த ஆண்டும் அதே வரிசையில் அவர் நிற்கிறார். ஜகாத்தின் ஒரு பகுதியையேனும் பைத்துல்மாலில் ஒன்று சேர்த்தால், ஆண்டுக்கு ஒரு சில குடும்பங்களையாவது வரிசையிலிருந்து வெளியேற்றலாம். கணக்கைப் படித்த வாலிபர்களிடம் ஒப்படைத்து, ஆண்டுதோறும் ஜும்ஆவில் வாசிக்கச் செய்யுங்கள்.

நான்காவதாக, அரசு வழங்கும் உரிமைகளை மக்களுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். தமிழகத்தில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு உண்டு. உரிய சாதிச் சான்றிதழை நேரத்தில் வாங்காததால் இதை இழக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆதரவற்ற பெண்களுக்கு மாவட்டந்தோறும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் உள்ளது. விண்ணப்பம் எழுதித் தர வாரம் ஒரு நாள், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே, இரண்டு படித்த பிள்ளைகள் பள்ளிவாசலில் அமர்ந்தால் போதும்.

ஐந்தாவதாக, போதைக்கு ஆளான பிள்ளையை மறைத்து வைக்கவும் வேண்டாம். விரட்டி விடவும் வேண்டாம். அது மருத்துவம் தேவைப்படும் நோய். 14446 என்ற இலவசத் தொலைபேசி எண் இதற்கென்றே உள்ளது. தாயும் தந்தையும் தனியாக அந்தச் சுமையைத் தூக்காதபடி, மஹல்லாவில் நம்பிக்கைக்குரிய ஒருவர் உடன் செல்ல வேண்டும்.

அன்பிற்கினியவர்களே! இவற்றில் எதற்கும் பெரும் கட்டடமோ பெரும் பணமோ தேவையில்லை. மாலையில் ஒரு மணி நேரமும், கதவைத் தட்டுவதற்கு ஒரு கையும் போதும்.

ஐந்தருவியில் சந்தித்த அந்த வாலிபரின் வீட்டிற்கு மறு வாரம் முத்தவல்லியும் நானும் சென்றோம். அவருடைய தாயார் எங்களைக் கண்டு முதலில் பயந்துவிட்டார். ஏதோ புகார் என்று எண்ணிவிட்டார். ஜமாஅத்திலிருந்து ஆள் வந்தால் புகாராகத்தான் இருக்கும் என்று ஒரு தாய் நினைக்கும் நிலையில் நாம் இருந்திருக்கிறோம்! அவர் இப்போது தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத ஆயத்தமாகி வருகிறார். எல்லா நேரமும் தொழ வருகிறார் என்று சொல்ல மாட்டேன். வருகிற நாளில் பெயர் சொல்லி ஸலாம் கூறுகிறேன். வராத நாளில் விசாரிக்கிறேன்.

இந்த ஜும்ஆ முடிந்து வெளியே செல்லும்போது, உங்கள் வரிசையில் வழக்கமாக நிற்கும் யார் இன்று இல்லை என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அஸருக்கு முன் அந்த வீட்டிற்குச் சென்று வாருங்கள்.

வல்ல ரஹ்மான் நம் வாலிபர்களின் உள்ளங்களில் ஈமானை உறுதிப்படுத்துவானாக! நம் இல்லங்களில் அன்பையும் இரக்கத்தையும் நிலைக்கச் செய்வானாக! தென்காசியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எல்லா மக்களும் அச்சமின்றி அண்டை அயலாராக வாழ அருள்புரிவானாக! நாம் மறந்துவிட்டவர்களை நமக்கு நினைவூட்டுவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.